விறாந்தையை உடைக்க வேண்டியிருந்தது, அப்பா

கை நிறையச் சீமெந்துத் தூசியோடு வீட்டுக்கு வரும் என் அப்பாவுக்கு,

பலெர்மோவில், சீசாப் பகுதியிலிருந்த எங்கள் நாலாம் மாடி வீட்டை விற்றுவிட்டோம். இதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சுற்றி வளைத்துக் கதைத்தால் உங்களுக்குப் பிடிக்காது. "விசயத்தைச் சொல்லு பிள்ளை" என்பீர்கள். விசயம் இதுதான். வீட்டை விற்பதற்காக, பல்கனியை மூடி நீங்கள் கட்டிய விறாந்தையை உடைத்தும் விட்டோம். விற்றதைக்கூட, உங்களுக்குப் பிறகு அங்கே வந்த ஊரார் மூலமாக நீங்கள் அறிந்திருக்கலாம் என்று என்னை நானே தேற்றிக்கொள்ளலாம். உடைத்ததை மட்டும் நானே சொல்ல வேண்டும்.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. அம்மாவின் முழங்கால் நீங்கள் இருந்தபோதே நொந்துகொண்டுதான் இருந்தது. இப்போது நாலு மாடி இறங்கினால் திரும்பி ஏற முடியாது. போன தீபாவளிக்குக் கோயிலுக்குப் போய் வந்ததுதான் கடைசி. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை, அதுவும் கதிரையில் வைத்துத் தூக்கி. மரக்கறிக்காரர் கீழே கூவும்போது அம்மா விறாந்தை யன்னலால் கயிற்றில் கூடையை இறக்குவார். அவர் கத்தரிக்காயும் தக்காளியும் போட்டு விடுவார். தெரு முழுக்க எல்லா வீட்டிலும் செய்கிற வேலைதான். ஆனால் அம்மாவிடமிருந்து வெளியே போய்வருவது அந்தக் கூடை மட்டும்தான் என்று ஒருநாள் எனக்கு உறைத்தது. அன்றைக்கே வேறு வீடு பார்க்கத் தொடங்கினேன்.

இரண்டு தெரு தள்ளி, லிப்ட் உள்ள கட்டடத்தில் ஒரு வீடு கிடைத்தது. சொந்தக்காரர் மனைவியை இழந்த முதியவர். மகனோடு இருக்க வடக்கே போகிறார். "கோடை முடியும்வரை உங்களுக்காகப் பொறுக்கிறேன்" என்றார். அதற்குள் எங்கள் வீடு விலைப்பட வேண்டும்.

அப்போதுதான் நோயெமி வந்தாள். இருபத்தொன்பது வயது, பாண் பேக்கரியில் வேலை. நாலு மாடியும் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளுக்கு அம்மா முதலில் தேத்தண்ணிதான் கொடுத்தார், வீட்டை அதற்குப் பிறகுதான் காட்டினார். விறாந்தைக்கு வந்ததும் அவள் யன்னலடிக்குப் போனாள். பின்னேர வெயில் அந்த மூன்று கண்ணாடியாலும் உள்ளே விழும், தெரியும்தானே. "இவ்வளவு வெளிச்சமா, சிஞ்ஞோரா!" என்றாள் அம்மாவிடம். அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

இளம் ஆட்கள் முதல் வீடு வாங்கும்போது வங்கிக் கடனுக்கு அரசாங்கம் பிணை நிற்கிற திட்டம் ஒன்று இங்கே இத்தாலியில் இருக்கிறது. நோயெமி அதில்தான் வாங்க நினைத்தாள். அவளிடம் சொத்துமில்லை, பிணை நிற்க ஆளுமில்லை. அரசாங்கம் நின்றால்தான் வங்கி அசையும். ஆனால் அதற்கு முன் வங்கி தன் ஆளை அனுப்பி வீட்டைப் பார்க்கும். வீடு பதிவேட்டிலுள்ள வரைபடத்தின்படி இருக்க வேண்டும். ஆபத்து ஒன்றும் இருக்கக்கூடாது. எங்களுக்கு என்ன பயம், வீடு நல்ல வீடுதானே என்று நான் இருந்தேன்.

வங்கியின் மதிப்பீட்டாளர் அதிகம் கதைக்காத மனிதர். சின்னச் சிவப்பு வெளிச்சம் அடிக்கும் கருவியால் சுவர் சுவராக அளந்தார். என்னுடைய அறைக்குள் வந்ததும் கையிலிருந்த வரைபடத்தை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார்.

"குசினி எங்கே?"

"விறாந்தையில்" என்றேன். அங்கேதான் அம்மா சமைப்பார்.

"இல்லை. இந்த வரைபடத்தில் விறாந்தையே இல்லை. அங்கே இருப்பது திறந்த பல்கனி. நீங்கள் இப்போது நிற்கிற இடம்தான் குசினி."

இத்தாலிய மொழியில் அவர் "குச்சீனா" என்றார். கதவடியில் நின்ற அம்மாவுக்கு அந்தச் சொல் நன்றாக விளங்கியது. அவர் நிலத்தைப் பார்த்தார்.

அப்பா, எனக்கு ஒன்பது வயதில் நீங்கள் அந்த வீட்டுக்குக் கூட்டிவந்தீர்கள். ரயில் ஸ்தாசியோனே பக்கத்து ஒற்றை அறையில் மூன்று பேரும் படுத்தெழும்பிய காலம் முடிந்து, "இது உன்ரை அறை" என்று கதவைத் திறந்து காட்டினீர்கள். எனக்கென்று அறையிருக்கிற வீடாகத் தேடிப்பிடித்தீர்கள் என்றுதான் இருபத்தாறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் எனக்கு அறை இருக்கவேயில்லை.

மதிப்பீட்டாளர் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன்.

"ஓம். கொப்பாதான் செய்தவர்" என்றார் அம்மா. "திறப்புக் கையிலை கிடைச்ச உடனை எங்களைக் கூட்டிக்கொண்டு வரேல்லை. ஒரு மாசம் பொறுங்கோ எண்டு சொன்னவர். பொலிதேயாமாச் சதுக்கத்திலை கொம்பனிக் கந்தோர் எல்லாம் கூட்டித் துடைச்சுப்போட்டு, பின்னேரத்திலை போய்ச் சுவர் கட்டினவர். ஞாயிற்றுக்கிழமையிலை ஒரு சிசிலிக்கார மேசனோடை கூலிக்குப் போறவரெல்லே, அதிலை பழகின வேலை. குசினியை வெளியிலை தள்ளினால் பிள்ளைக்கு ஒரு அறை வரும் எண்டவர்."

"எனக்கேன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? நீ அந்த அறையிலை சந்தோசமா இருந்தனி."

ஒரு கிழமையில் வங்கியின் கடிதம் நோயெமிக்கு வந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு நேரே எங்களிடம் வந்தாள். விறாந்தை அனுமதியில்லாமல் கல்லால் கட்டப்பட்டது, அதற்குள் எரிவாயு அடுப்பு இருக்கிறது, அதை அகற்றவேண்டும். குசினி பழைய இடத்துக்குப் போக வேண்டும். வயர் வேலைக்குத் தகுதியான ஒருவரின் சான்றிதழ் வேண்டும். இவை முடிந்து மதிப்பீட்டாளர் மறுபடி வந்து பார்த்தால்தான் கடன். மூன்று மாதத் தவணை.

கட்டட வரைபட வேலை தெரிந்த ஒருவரைப் பிடித்து வீட்டைக் காட்டினேன். "பலெர்மோவில் பாதிப்பேர் பல்கனியை மூடித்தான் இருக்கிறார்கள்" என்று சிரித்தார். கழற்றக்கூடிய வெறும் கண்ணாடி என்றால் பணம் கட்டி ஒழுங்குபடுத்தலாமாம். உங்களுடையது அரைச்சுவர் எழுப்பிய கட்டு. அனுமதி கேட்டு மாநகரசபைக்கு எழுதலாம், ஆனால் பதில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்குள் என்றால் உடைப்பதுதான் வழி என்றார்.

அந்த நேரம் பார்த்து வீட்டுத் தரகர் தொலைபேசியில் வந்தார். இன்னொரு ஆள் இருக்கிறாராம். கடன் இல்லை, மதிப்பீட்டாளர் இல்லை. முழுப்பணமும் கையில். உல்லாசப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவதற்கு வாங்குகிறவர். "அப்படியே இருக்கிறபடி எடுப்பார். ஒரு கல்லைக்கூட நீங்கள் அசைக்க வேண்டாம்" என்றார் தரகர்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது கடவுள் விட்ட வழிபோல இருந்தது. நீங்கள் எனக்காகக் கட்டியது என்று அறிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அதை நானே ஆள் பிடித்து உடைப்பதா? ஆரோ ஒருவர் பிறகு எப்போதாவது உடைக்கட்டும், நான் பார்க்கத் தேவையில்லை. அம்மாவிடம் போய் நல்ல செய்தி என்று சொன்னேன்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அந்த ஆள் இஞ்சை வந்து இருக்கப்போறாரோ?"

"இல்லையம்மா, வாடகைக்கு விடப்போறார்."

"அப்ப அந்தப் பிள்ளை?"

"அவள் வேறை பாப்பாள்."

"ரெண்டு வரியமாப் பாத்துக் களைச்சுத்தான் இஞ்சை வந்தவள். நாங்கள் அவளுக்கு ஓம் எண்டு சொன்னனாங்கள்." உரித்த வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டார். "உடைப்பிக்கிறதெண்டால் உடைப்பி. கொப்பா அதைக் கட்டினது நீ இருக்க. நீ இருந்திட்டாய். இனி அவள் இருக்கட்டும்."

அம்மாவா இப்படிக் கதைத்தார் என்று இப்போதும் யோசிக்கிறேன். தொடர்ந்து இருபத்தாறு வருடம் அந்த விறாந்தையில் நின்று சமைத்தவர் அவர். நானோ சாப்பிட மட்டும்தான் அங்கே போனேன்.

தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சால்வோ என்ற மேசனைக் கூட்டிவந்தேன். உங்கள் வயதிருக்கும். முதல் நாள் கண்ணாடிகளைக் கழற்றினார். இரண்டாம் நாள் அரைச்சுவரில் சுத்தியலை வைத்துவிட்டு, "இதைக் கட்டியது ஆர்?" என்று கேட்டார். அப்பா என்றேன். "நல்ல கை. கல் வரிசை நூல் பிடித்தமாதிரி இருக்கிறது" என்றார். எனக்கு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் இருக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டி இருந்த மூலையில் நிலத்து ஓடுகளைப் பெயர்த்திருந்தார். அதன் கீழே கொங்கிறீற் கறுத்து, நனைந்து, புட்டுப்போல உதிர்ந்து கிடந்தது. பல்கனியைத் தாங்குகிற கம்பிகள் கறள் பிடித்து ஓலை ஓலையாகப் பிரிந்திருந்தன. சால்வோ திருகாணி முடுக்கியை வைத்து அழுத்தினார். அது கைப்பிடிவரை உள்ளே போயிற்று.

"சிஞ்ஞோரா, இனி ஒருத்தரும் இதிலே கால் வைக்கக்கூடாது" என்றார்.

தொட்டித் தண்ணீரை வெளியே கொண்டுபோக ஓடுகளுக்கு அடியால் நீங்கள் ஒரு குழாய் விட்டிருந்தீர்கள். அதன் ஒரு மூட்டு கசிந்திருக்கிறது. எத்தனை வருடம் என்று ஆருக்குத் தெரியும்? அம்மா ஒவ்வொரு நாளும் அந்த மூலையில்தான் நின்றார். கீழே தெருவில் அந்த இடத்தில்தான், நிழல் என்று, மரக்கறிக்காரர் வண்டியை நிறுத்துகிறவர்.

அன்று எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது, அப்பா. நீங்கள் இறந்த பிறகு முதல் தடவையாக வந்த கோபம். நீங்கள் இருந்த கடைசி வருடம் அந்த மூலையில் ஈரம் ஊறியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீங்கள் புதுப் பூச்சு அடித்து, மேலே வெள்ளைப் பெயின்ற் பூசினீர்கள். இடுப்பு வலியோடு குந்தியிருந்து பூசினீர்கள். அது என்ன ஈரம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும் பிறகு பார்ப்போம் என்று விட்டீர்களா? அல்லது உங்கள் வேலையில் பிழை வராது என்று நம்பினீர்களா? கேட்பதற்கு ஆளில்லாத கேள்விகளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சால்வோ மத்தியானம் பாண் சாப்பிட்டபடி இன்னொன்றும் சொன்னார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "வேண்டுமென்றால் இரண்டு நாளில் மூடிவிடலாம். மேலே நல்ல பூச்சு, புது ஓடு. வங்கி ஆள் விறாந்தை போய்விட்டதா என்றுதான் பார்ப்பார். கம்பியைப் பார்க்க மாட்டார். நான் செய்யச் சொல்லவில்லை. தவணை போகிறது என்று சொல்கிறேன்."

உடனே மாட்டேன் என்று நான் சொன்னதாக எழுத எனக்கும் ஆசைதான். சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். லிப்ட் வீட்டுக்காரர் முதல்நாள்தான் போன் எடுத்து, வேறு ஆட்களும் கேட்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். பல்கனியைத் திருத்தத் தொடங்கினால் பொறியியலாளர், அனுமதி, காய்கிற நாள் என்று எல்லாம் இழுபடும். தவணை முடியும். நோயெமியின் கடன் போகும். லிப்ட் வீடும் போகும். அம்மா இன்னொரு குளிர்காலம் அந்த நாலாம் மாடியிலேயே.

பின்னேரம் குப்பைப் பையோடு கீழே இறங்கினேன். மரக்கறிக்காரர் வழக்கம்போல எங்கள் பல்கனிக்குக் கீழே நின்றார். ஒரு பெண் குனிந்து கூனைப்பூ பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவரிடம் வண்டியை அந்தப் பக்கம் தள்ளச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். மேலேயிருந்து கல் விழலாம் என்றேன். வாயால் சொன்ன பிறகு மூடி மறைக்க முடியாது, பாருங்கள். அதே இடத்தில் நின்று நோயெமிக்குப் போன் எடுத்தேன்.

அவள் வேலை உடுப்போடு வந்தாள். சட்டைக் கையில் மா ஒட்டியிருந்தது. வாசலில் நின்றபடியே அந்தக் குழியைப் பார்த்தாள். நான் குழாயைப் பற்றியும் நீங்கள் பூசிய பூச்சைப் பற்றியும் எல்லாம் சொன்னேன். சால்வோ மூடித்தருகிறேன் என்றதைக்கூடச் சொன்னேன்.

"இதிலே ஒரு கதிரை போட்டு, வேலை முடிந்து வந்து இருக்கலாம் என்று நினைத்திருந்தேன்" என்றாள். பிறகு, "நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கலாமே. ஏன் சொன்னீர்கள்?" என்று கேட்டாள்.

அம்மாதான் தன்னுடைய உடைந்த இத்தாலியனில் சொன்னார்: "இங்கே நித்திரை கொள்ளுவது நீ."

அவ்வளவுதான் சொன்னார். நோயெமி அம்மாவின் கையைப் பிடித்தாள். பிறகு வங்கிக்குத் தானே போய்த் தவணையை நீட்டித் தரக் கேட்பதாகச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

இரண்டு கிழமை வங்கியிலிருந்து ஒரு பேச்சும் இல்லை. பொறியியலாளர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தார். கீழேயிருந்து முண்டு கொடுத்து, தெருவில் கயிறு கட்டினோம். லிப்ட் வீட்டுக்காரரோடு அம்மா தானே கதைக்கவேண்டும் என்றார். நான் மொழிபெயர்த்தேன். "என்ரை மனுசன் விட்ட பிழையைத் திருத்துறம். திருத்தாமல் வரமாட்டன். வேறை ஆளுக்குக் குடுக்கிறதெண்டால் குடுங்கோ, கோவிக்கமாட்டன் எண்டு சொல்லு." போனில் கிழவர், தன் மனைவியும் இப்படித்தான் கதைப்பார் என்றும் இன்னும் ஒரு மாதம் பார்ப்பதாகவும் சொன்னார்.

"மனுசன் விட்ட பிழை" என்று அம்மா சொன்னது உங்களுக்கு நோகுமா? எனக்கு நொந்தது. ஆனால் அம்மாவின் குரலில் குறை இருக்கவில்லை. உங்கள் சேட்டில் தெறி அறுந்திருக்கிறது, தைத்துத் தருகிறேன் என்று சொல்கிற குரல்தான் அது.

சால்வோ கறள் பிடித்ததையெல்லாம் வெட்டி எடுத்து, புதுக் கம்பி கட்டி, புதுக் கொங்கிறீற் போட்டார். நடுவில் மூன்று நாள் மழை. மின்சார வேலைக்கு வந்தவர் உங்கள் வயர்ப் பெட்டியைத் திறந்தார். மூன்று நிற வயர்களை நீங்கள் கறுப்பு ரேப்பால் சுற்றி ஒட்டியிருந்தீர்கள். முதலில் சிரித்தார், பிறகு தீய்ந்திருந்த ஓர் இடத்தைக் காட்டியபோது சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் புதிதாக இழுத்தார்.

கடைசியாக என்னுடைய அறை. கட்டிலையும் அலுமாரியையும் வெளியே எடுத்தோம். சுவர்க் கடதாசியை உரித்தபோது பின்னால் பழைய குசினியின் நீலப் பூ ஓடுகள், ஒன்றுகூட உடையாமல். குழாய் வாயை நீங்கள் மரக்கட்டை சீவி அடைத்திருந்தீர்கள். என்னுடைய தலைமாட்டுக்கு நேரே இத்தனை வருடமும் அது இருந்திருக்கிறது. அடுப்பைப் பொருத்திய அன்று அம்மா அங்கே கதிரையில் இருந்தபடி பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார். சால்வோவும் சாப்பிட்டார். உறைப்பில் கண் கலங்கியபடி இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.

வங்கி தவணையை நீட்டியது. பொறியியலாளரின் கடிதம்தான் உதவியது என்று நோயெமி சொன்னாள். தானாக முன்வந்து காட்டிய பழுது, முறையாகத் திருத்தியது என்று அதில் எழுதியிருந்ததாம். அதே மதிப்பீட்டாளர் மறுபடி வந்தார். அளந்தார். பல்கனியில் நின்று ஒரு காலால் அழுத்திப் பார்த்தார். வரைபடத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "சரியாக இருக்கிறது" என்றார். இத்தனை மாத அலைச்சல் அந்த ஒரு வசனத்தில் முடிந்தது.

வீட்டு உறுதிப் பத்திரம் எழுதும் நாள் அம்மாவை நாலு மாடியும் இறக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. ஒவ்வொரு மாடி வாசலிலும் ஒரு கதிரை போட்டோம். அயல் வீட்டுக்காரர் எல்லாரும் கதவைத் திறந்து நின்றார்கள். மூன்றாம் மாடி சிஞ்ஞோரா அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். அம்மா அழவில்லை. பொலிதேயாமாவில் நொத்தாரிசு தன் கந்தோரில் உறுதியை வாசித்து முடித்ததும், அம்மா தன் பெயரைத் தமிழில் மெதுவாக எழுதினார். பக்கத்தில் நோயெமியும் தன் பெயரை எழுதினாள். திறப்பைக் கொடுத்தபோது அம்மா அவளிடம் ஒன்று கேட்டார்: நாளைக்கு முதல் வேலையாக என்ன செய்வாய்? "நித்திரை கொள்ளுவேன், சிஞ்ஞோரா" என்றாள். எல்லாரும் சிரித்தோம், நொத்தாரிசு உட்பட.

போன வியாழக்கிழமை வேலையால் வந்து கதவைத் திறந்தால் புது வீட்டில் அம்மா இல்லை. கூப்பிட்டேன். குளியலறையில் பார்த்தேன். லிப்டில் இறங்கி ஓடினேன். தெருமுனை மரத்தடி வாங்கிலில் மரக்கறிக்காரரோடு அம்மா குந்தியிருந்தார். இத்தனை வருடம் கயிற்றாலேயே கொடுக்கல் வாங்கல் செய்த இரண்டு பேரும் இப்போதுதான் நேருக்கு நேர் கதைக்கிறார்களாம். "என்ன அவசரம், வாறன், நீ போ" என்றார் என்னிடம்.

அப்பா, கோபம் இன்னும் முழுவதும் போகவில்லை. நன்றியும் அப்படித்தான், முடிகிற வழியைக் காணவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஒன்றுக்கு மட்டும் உறுதி தருகிறேன். உங்களைப் பற்றி ஆர் கேட்டாலும் அரைவாசி சொல்ல மாட்டேன். தன் மகளுக்கு அறை வேண்டுமென்று மாலை மாலையாகச் சுவர் கட்டிய மனிதர் என்பதையும் சொல்வேன், அவர் விட்ட குழாய் கசிந்ததையும் சொல்வேன், அதை அவருடைய மனைவியும் மகளும் மூடிவைக்காமல் திருத்திக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

நீங்கள் செய்து தந்த அறையில் வளர்ந்த,
உங்கள் ஒரே மகள்
வதனி